பஞ்சு சிஸ்டர் சொன்ன பொய்

எங்கள் தீவிர சிகிச்சை வார்டில் அவளைப் பஞ்சு சிஸ்டர் என்றால்தான் தெரியும். காலையில் நோயாளிகளின் முகம் துடைக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். இனிப் பிழைக்கமாட்டார் என்று தோன்றினால், நெற்றியில் ஈரப் பஞ்சை மூன்று முறை பிழிந்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று உதட்டுக்குள் சொல்வாள். கிறிஸ்தவ ஞானஸ்நானம் முடிந்தது. படுத்திருப்பவருக்கே தெரியாது.

"கேக்காம செய்றது திருட்டு இல்லையாடி?" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

"திட்டுக்கா. ஞானஸ்நானம் இல்லாம போனா நரகம்தான்னு எங்க போதகர் சொல்றாரு. தெரிஞ்சும் எப்படிச் சும்மா இருக்கிறது?"

 பக்தியாவது ஒன்றாவது, அத்தனையும் பயம். முன்பிருந்த போதகர், கடவுள் யாரையும் வாசலில் நிறுத்தமாட்டார் என்பாராம். "அவர் இளகின மனசுக்காரர், அவர் பேச்சை நம்பி இருக்க முடியுமா?" என்பாள்.

கல்யாணம் செய்துகொண்டது வேறு மதத்துக் குடும்பத்தில். தேறிவிடுவார் என்று எல்லோரும் நினைத்திருந்த மாமனார், அவள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த அன்று எங்கள் வார்டிலேயே பஞ்சு படாமல் திடீரென்று இறந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே பேயறைந்தவள்போல ஆகிவிடுவாள்.

போன மாதம் மாமியார் வந்து படுத்தார். மூச்சு வாங்கியதே தவிர, வாய் குறையவில்லை. பஞ்சை நனைத்துக்கொண்டு போனவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"நீ பண்றது தெரியும்மா. அவர் இங்க இருந்தப்போ பக்கத்துக் கட்டிலுக்கு நீ பண்ணினதைப் பாத்தேன். அவருக்கும் பண்ணினியா?"

அவள் பஞ்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர் இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை? அவருக்குப் பண்ணியிருந்தா எனக்கும் பண்ணு. இல்லன்னா கையை எடு."

பொய்யும் பாவம்தான். அவளுக்கா தெரியாது?

"பண்ணினேன், அத்தை."

மாமியார் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினார். "அப்ப சரி. அங்க போய் அவரைத் தேடிக்கிறேன்."

அன்று மாலையே போய்விட்டார்.

மருந்து அறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.  "தேடுவாங்களேக்கா. மூலை மூலையா தேடுவாங்களே." 

இப்போதும் தினமும் அந்த அறையில் முழங்காலில் நிற்கிறாள். அப்படி என்னதான் கேட்கிறாய் என்றேன்.

"எங்க போதகர் சொன்னது தப்பா இருக்கணும்னு."