ஓதம் விதைத்த சுரை

மாசியில், ரங்கூனுக்கு வெளியே ஓடையோரத்து எங்கள் சின்னத் தோட்டத்தில் நானும் கணவரும் சுரை விதை ஊன்றினோம். மறுநாள் பௌர்ணமி. ஓடையில் ஏறிய கடல் ஓதம் கரையை உடைத்துப் பாத்திகளை வழித்துக்கொண்டு போனது.

"எல்லாம் போச்சு" என்று அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து பர்மியப் பெண் தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டாள். "அக்கா, வந்து பாரு! உன் சுரை என் மண்ணுல!"

ஓடினோம். தண்ணீர் எதுவரை ஏறியிருந்ததோ அந்த விளிம்பில், வளைந்த ஒரே கோடாகச் சுரைக் கன்றுகள் இரண்டிரண்டு இலையோடு நின்றன. கணவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிடுங்கி நடலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம், இங்கேயே இருக்கட்டும்" என்றாள் அவள். காய்த்ததைப் பாதி பாதியாக எடுத்துக்கொண்டோம்.