பாடுவதற்கு முன் ஒரு மூச்சு

திருமழிசை தொழிற்பேட்டையில், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு சின்ன ஃபோர்ஜிங் கம்பெனியில் உத்தமனுக்கு ஹாமர் மெஷினில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியில் பிடித்துக் கொடுப்பார். மேலிருந்து சம்மட்டி இறங்கும். நாளெல்லாம் இறங்கும். கூட இருந்தவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள். உத்தமன் அடைத்ததில்லை. இரும்பு ஆறத் தொடங்கினால் அடியின் சத்தம் மாறும். அதைக் கேட்டே கையைத் தூக்கி நிறுத்திவிடுவார்.

"இவனுக்குக் காதுதான்யா கண்ணு" என்பார் மேஸ்திரி எத்திராஜ். அந்த ஒரு வார்த்தைக்காகவே உத்தமன் பஞ்சைத் தொடாமல் இருந்தாரோ என்னவோ.

எண்பத்து நாலில் பர்மா பஜாரில் ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினார். ஓட்டிக் காட்ட கடைக்காரன் போட்ட கேசட்டில் இங்கிலீஷ் பாட்டு. யாரோ ஒருவன், பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோலப் பாடினான். அடியில் கிதார் மெத்தென்று நடந்தது. அவன் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுவதுபோலப் பின்னால் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். உத்தமன் அந்தக் கேசட்டையும் கேட்டு வாங்கி வந்துவிட்டார். பாட்டின் அர்த்தம் அவருக்குக் கடைசிவரை தெரியாது. கத்தாத பாட்டு, அது போதும்.

"இன்னா மச்சான், தொரை வீட்டுக் கல்யாணமா?" என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்தார்கள். சிரித்துக்கொள்வார்.

பூந்தமல்லியில் நஜீரின் கேசட் கடை இருந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுகளைப் பதிந்து தருவார். உத்தமனுக்குப் பெயர்கள் தெரியாது, முனகிக் காட்டுவார். நஜீர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சரியான ரிக்கார்டை எடுத்து வருவார். இப்படியே முப்பது கேசட் சேர்ந்தது. எல்லாவற்றிலும் உசத்தி அந்த முதல் பாட்டுதான். அதில் பாட்டுக்காரன் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பான். வேலை முடிந்து வந்து அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் உத்தமனின் தோள் இறங்கும்.

தொண்ணூற்று மூன்றில் அந்த மூச்சு காணாமல் போயிற்று.

கேசட் தேய்ந்துவிட்டது என்று நஜீரிடம் போனார். நஜீர் புதிதாகப் பதிந்து கொடுத்தார். அதிலும் இல்லை. வேறு கம்பெனி கேசட்டில் பதியச் சொன்னார். டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தார். பாட்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோலவே வந்தது. அவர் மனைவி லோகநாயகி மட்டும், "என்னங்க, ஊசி மாதிரி காதைக் குத்துது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள். அவள் எதையோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டார்.

நாலாவது கேசட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நஜீர் கடைக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

"இன்னா அண்ணாத்தே, மறுபடியுமா?"

"பாய், நீ ஆரம்பத்தை வெட்டிட்ற. அவன் மூச்சு இழுக்கறது எங்க?"

"நான் இன்னாத்துக்கு வெட்டப்போறேன்? மூச்சை வெட்டி நான் வெச்சுக்கினு இன்னா பண்றது?"

"அப்ப போட்டுக் காட்டு."

நஜீர் கேசட்டைப் பெரிய செட்டில் போட்டார். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. நடுவில் ஒரு திரைதான். உத்தமன் ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. அப்புறம் திடுமென்று பாட்டு.

"பார்த்தியா? இல்ல!"

திரைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நஜீரின் மனைவி அஷ்ரஃபுன்னிசா குரல் கொடுத்தாள். "ஏன் இல்ல? அடுப்படி வரைக்கும் கேக்குது. நல்லா இழுக்கறானே, மூச்சு முட்டினவன் மாதிரி."

நஜீர் செட்டை நிறுத்தினார். உத்தமன் ஸ்பீக்கரிலிருந்து முகத்தை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும் பாய்?"

"ரெண்டாவது கேசட்லேர்ந்து. கீச்சுச் சத்தத்தை ஏத்தி ஏத்திப் பதிஞ்சேன். அப்பவாச்சும் கேக்கும்னு."

"சொல்லியிருக்கலாம்ல."

"இன்னான்னு சொல்றது அண்ணாத்தே?"

டீ வரவழைத்தார் நஜீர். உத்தமன் பாதி குடித்துவிட்டு எழுந்தார். நெடுஞ்சாலையில் பெங்களூர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவற்றின் உறுமல் மட்டும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் வேலையில் முதல்முறையாகக் காதில் பஞ்சை அடைத்தார். எத்திராஜ் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார்.

அன்று வீட்டில் பாட்டைப் போட்டுவிட்டு லோகநாயகியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "அவன் மூச்சு இழுக்கறப்ப விரலைத் தூக்கு." பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு விரலைத் தூக்கினாள். அதைப் பார்த்து உத்தமனும் மூச்சை இழுத்துக்கொண்டார். அடுத்த நொடி பாட்டு வந்தது.

அதுவே வழக்கமாயிற்று. அவளுக்கும் நாளெல்லாம் வேலை. பல நாள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போவாள், விரல் எழாது. உத்தமன் அவளை எழுப்பமாட்டார். சத்தத்தை, தனக்குக் கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு, கேசட் சுற்றி முடிகிறவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.