கட்டிவைத்துக் குறிபார்த்த ஏர்கன்

பெருச்சாளி வலையைத் தின்னாது. தின்றால்கூட ஒரு நியாயம் உண்டு. சும்மா கடித்துப் போட்டுவிட்டுப் போகும். கல்மண்டபம் ஏரியாவில் எங்கள் வலைக் குடோனில் அப்படி மூன்று புது வலைகள் நாசமாயின. மருந்து வைத்தால், செத்தது வலைச் சுருளுக்குள் போய்க் கிடந்து நாறும். கூண்டு வைத்தால் சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவு விவரம். வெறுத்துப்போய் ஒரு ஏர்கன் வாங்கினேன். லைசன்ஸ் கேட்காத ரகம், கடையில் இருந்ததிலேயே விலை கம்மி. குழலை மடக்கி, ஒரே ஒரு ஈயக் குண்டைப் போட்டு, நிமிர்த்திச் சுட வேண்டும். அடுத்த குண்டுக்கு மறுபடி மடக்க வேண்டும். அதற்குள் பெருச்சாளி எண்ணூர் போய்ச் சேர்ந்துவிடும் என்று என் மச்சான் சிரித்தான். என் பெண்டாட்டியின் தம்பி, எங்கள் போட்டை ஓட்டுகிறவன். அவனுக்கு நான் எது வாங்கினாலும் சிரிப்புதான்.

ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியில் பேனாவால் வட்டம் போட்டு, இருபதடி தள்ளி நின்று சுட்டேன். பத்துக் குண்டும் பத்து மூலைக்குப் போயின. கடைக்காரனை நான் திட்டாத திட்டு இல்லை. மச்சான்தான், சுடும்போது உள்ளே ஸ்பிரிங் உதைக்கிறது, அதில் துப்பாக்கி ஆடுகிறது, கட்டிப்போட்டால் சரியாகிவிடும் என்றான். கடலுக்குப் போகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான் வைத்தியம். ஆடுகிற பொருளா, கட்டு. போட்டில் அடுப்பு, டீசல் கேன், சோத்துப் பானை, எல்லாம் கட்டித்தான் கிடக்கும். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அலையில் அவிழாத முடிச்சாகப் போட்டு ஏர்கனை ஒரு கனத்த பலகையோடு இறுக்கினான். சுட்டால் ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. அந்த ஓட்டைக்கு நேராக வரும்வரை பின்பக்கத்துக் குறிமுள்ளைத் திருகித் திருகி வைத்தோம். பார்த்தாயா, துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான் என்று இரண்டு பேரும் டீ குடித்தோம். கட்டை அவிழ்த்துக் கையில் வைத்து ஒரு குண்டுகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்ததோ, இன்னும் எனக்கே புரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுவரோரமாகப் பெருச்சாளி வந்தது. பட்டப்பகல், எவ்வளவு திமிர் பாருங்கள். ஏர்கனை எடுத்து, உடும்புப் பிடியாகப் பிடித்து, தலைக்குக் குறிவைத்து அழுத்தினேன். பெருச்சாளி போய்விட்டது. குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. வலப்பக்கம் தகரக் கதவு பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான், "ஐயோ, கண்ணு" என்று குரல் கேட்டது.

பக்கத்து வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன். என்னைவிட ஐந்தாறு வயசு பெரியவர், எங்கள் போட்டில் எந்த இரும்பு உடைந்தாலும் அவர்தான் ஒட்டவைப்பார். கதவுக்கு வெளியே டிரம் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், இப்போது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். விரலிடுக்கில் தண்ணீராய்க் கொட்டியது. கையை எடுங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை. ஆட்டோ பிடித்துக் கண்ணாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சீட்டுப் போடும் இடத்தில் எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "கிரைண்டர் தூசும்மா" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பாவம், குண்டு என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைத்தேன். போலீஸ், கேஸ், ஊர்ப் பேச்சு எல்லாம் கண்முன் வந்து போயின. மூடிய வாயை நான் திறக்கவே இல்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

அவரை உள்ளே கூட்டிப்போன பிறகு மச்சான் போன் செய்தான். குண்டைத் தேடு என்று சொல்லிவிட்டு வந்தால், இவன் ஏர்கனை எடுத்துச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறான். காதால் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் விட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கைமேல் சும்மா கிடத்திச் சுட்டால், பத்துக் குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுகின்றனவாம். ஆனால் குறிவைத்த இடத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம். "கட்டினா ஒரு எடம், கையில வெச்சா வேற எடம் மாமா. கதவு வலப்பக்கம் கீது. அங்க எப்படிப் போவும்?"

கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் நான் சுட்டது உடும்புப் பிடியில். அது எந்தப் பக்கம் போனதென்று யாருக்குத் தெரியும்? உள்ளே டாக்டர் தூசியைத் தேடிக்கொண்டிருப்பார், குண்டு கண்ணுக்குள் கிடக்கும். இதை நினைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அது தூசு இல்லம்மா, நான் ஏர்கன் சுட்டேன், ஈயக் குண்டாக இருக்கும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். ஊசி முனையில் எடுத்துவைத்திருந்த ஒரு கருப்புப் பொடியை என்னிடம் காட்டினார். இரும்பு. சுற்றித் துரு படிந்திருக்கிறது, நேற்றே விழுந்திருக்க வேண்டும், இன்றைக்குக் கசக்கியதில் குத்தியிருக்கிறது என்றார். குண்டு பட்டிருந்தால் கண் இப்படியா இருக்கும் என்று என்னைத் திட்டினார். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடித்ததற்கு அண்ணனைத் திட்டினார். பார்வைக்கு ஒன்றுமில்லை, நாலு நாளில் ஆறிவிடும். திட்டுகிற அந்தக் குரல் எனக்குத் தேனாக இருந்தது.

வெளியே வந்ததும், கட்டுப் போட்ட கண்ணோடு அண்ணன் என்னை முறைத்தார்.

"இன்னாத்துக்கு நைனா உள்ள வந்து உளறின? நான்தான் தூசுன்னு சொல்லிட்டேன்ல."

"தூசுதானேண்ணே அது?"

"அது இப்பத்தான தெரியுது. நீ துப்பாக்கி தூக்குனத நான் கதவாண்ட பாத்துகினுதான் இருந்தேன். உன் குண்டுலதான் கண்ணு போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். கண்ணும் போயி, நீயும் உள்ள போனா, உன் வூட்ல யாரு பாக்குறது?"

ஆட்டோக்காரர் எங்கே போகவேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு அழுகை நிற்கவில்லை. அண்ணன்தான் கல்மண்டபம் என்று சொன்னார்.