கதவு திறக்காத சனிக்கிழமை

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பதின்மூன்று வயதில்தான் வந்தது. இது நடந்தபோது எனக்கு ஒன்பது. ஆகவே இதற்கு எழுத்துச் சாட்சி எதுவும் கிடையாது. ஆனால் நேரங்களை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அன்று காலை முழுவதும் சமையலறைக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பூன் லேயில் ஏழாவது மாடியில் குடியிருந்தோம். அம்மாவுக்கு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து துணி துவைத்துவிட்டுத்தான் படுப்பார். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பழைய வாஷிங் மெஷினை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். கிளமெண்டியில் வீடு மாறிப்போன யாரோ விட்டுச் சென்றது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு வைத்தது. பழைய பேப்பரும் ஓடாத மின்விசிறியும் வாங்க ஹார்ன் ஊதிக்கொண்டு வரும் காராங்குனியை அப்பா துணைக்கு இழுத்தார்.

“இதைக் காராங்குனிகூட எடுக்க மாட்டான்லா.”

“அத்தான், துவைக்கப்போறது நீங்க இல்லை. அப்புறம் கருத்து மட்டும் எதுக்கு?” என்றார் மாமா.

மாமா செம்பவாங் கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். கப்பல் பம்ப்பையே பிரித்துப் போட்டவன் என்று தன்னைப் பற்றி அடிக்கடி சொல்லிக்கொள்வார். மெஷின் வேகமாகச் சுற்றும்போது இடத்தைவிட்டு நகர்ந்து ஃபிரிட்ஜ் வரை வந்துவிடும். மாமா ஒரு ரப்பர் செருப்பை நான்கு துண்டாக வெட்டி அதன் கால்களுக்கு அடியில் வைத்தார். அதன்பின் இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது.

அந்த வருடம் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பீடத் துணிகளைத் துவைக்கும் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. பீடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆண்ட்டி கண்டிப்பானவர். திருப்பலிப் பாத்திரங்களைத் துடைக்கும் சிறு துணிகளை முதலில் தனியாக அலச வேண்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். எங்களுக்கு ஏது மண்? நடைபாதையில் வைத்திருந்த பாண்டான் செடித் தொட்டியில் அம்மா ஊற்றுவார். எல்லாத் துணியையும் கையால்தான் துவைக்க வேண்டும் என்பது ஆண்ட்டியின் இரண்டாவது விதி. அம்மா அதற்கும் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தார்.

என் விஷயம் வேறு. ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று ஓலையைக் கீறிச் சிலுவை பின்னுவோம். ஆசீர்வதித்த ஓலை என்பதால் அது திரு இருதயப் படத்துக்குப் பின்னால் போகும். அடுத்த வருடம் சாம்பலாக்குவதற்குக் கோவிலில் திருப்பிக் கொடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. நான் தொட்டேன். திங்கட்கிழமை என் சிலுவையை மட்டும் எடுத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பக்கத்து இருக்கைச் சிறுமியிடம் காட்டினேன். அவள் வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறது என்றாள். கோபத்தில் சீருடைப் பைக்குள் திணித்தவள் மறந்துபோனேன். வியாழக்கிழமை அந்தச் சீருடை மெஷினுக்குள் போய் வந்தது. மாலையில் நினைவு வந்து பைக்குள் கைவிட்டால் தையலில் ஒட்டிய ஒரு நார்தான் கிடைத்தது. அன்று துணிகள் வழக்கத்தைவிட ஈரமாக வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நானும் என் பாவத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேனே தவிர, மெஷினைப் பற்றி அல்ல.

பெரிய வியாழன் இரவுப் பூசை முடிந்ததும் பீடத்தை வெறுமையாக்குவார்கள். விரிப்பு, சிறு துணிகள், பூசை உதவிச் சிறுவர்களின் ஆறு வெள்ளை அங்கிகள் எல்லாம் ஒரு பையில் எங்கள் வீட்டுக்கு வந்தன. வெள்ளிக்கிழமை துவைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பெரிய வெள்ளியன்று வாளியில்கூடத் தண்ணீர் பிடித்து வைக்க மாட்டார்கள். ஆக, இருந்தது சனிக்கிழமை மட்டும். மாலை ஆறு மணிக்குள் இஸ்திரி போட்ட துணி கோவிலில் இருந்தாக வேண்டும். எட்டு மணிக்கு ஈஸ்டர் இரவுப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு. மாற்று விரிப்பு இல்லை.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அம்மா வேலையிலிருந்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சிறு துணிகளை முறைப்படி அலசித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். பிறகு பையையும் மெஷினையும் மாறிமாறிப் பார்த்தார். என்னைப் பார்த்து, “ஆண்ட்டிகிட்ட எதுவும் சொல்லாதே” என்றார். எட்டு ஐந்துக்கு மெஷின் ஓடத் தொடங்கியது.

எட்டு முப்பத்தைந்துக்கு நின்றது. கண்ணாடியில் பாதிவரை சோப்புத் தண்ணீர். ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அம்மா கதவை இழுத்தார். திறக்கவில்லை. அணைத்துவிட்டுப் போட்டார். மெஷின் ஒரு முறை உறுமிவிட்டு மீண்டும் நின்றது. பீட விரிப்பின் பின்னல் வேலை செய்த ஓரம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தெரிந்தது. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓலைதான். ஆசீர்வதித்த பொருளைக் கேலிப்பொருள் ஆக்கியதற்குக் கடவுள் பதில் சொல்லிவிட்டார்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. ஆண்ட்டி.

“காயுது அக்கா,” என்றார் அம்மா. “ஆமா, நல்ல வெயில்.”

வெளியே மேகம் கவிந்திருந்தது. பெரிய சனிக்கிழமையில் அம்மா பொய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அதையும் என் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா கூப்பிட்ட மாமா வந்துசேரப் பத்து இருபது ஆனது. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்தார்.

“என்னக்கா, மெஷினை என் பொண்ணு மாதிரி பார்த்துக்குவேன்னு சொன்னே?”

“தம்பி, விளையாடாதே. உள்ள இருக்கிறது கோவில் துணி.”

மாமாவின் சிரிப்பு அடங்கியது. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பின்னால் போகும் கழிவுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். மடங்கவில்லை. குழாயைக் கழற்றிக் குளியலறைத் தரையில் தாழ்த்திப் பிடித்தார். தண்ணீர் தானாக வழிந்து வர வேண்டும். நூல் மாதிரி வந்து நின்றுவிட்டது.

“அப்ப பம்ப்புக்கிட்டத்தான் அடைப்பு,” என்றார். “தண்ணி போகாம கதவு திறக்காது. அதோட பூட்டு அப்படி.”

மெஷினின் கீழ்மூலையில் சிறு மூடி ஒன்று இருந்தது. அதற்குள் திருகி எடுக்கும் வடிகட்டி. தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான். வாளி அடியில் போகாது. அம்மா கேக் சுடும் தட்டைக் கொண்டுவந்தார். வடிகட்டி அசையவில்லை. மாமா துணி சுற்றிப் பிடித்துத் திருகினார், பிறகு இடுக்கியால் திருகினார். அது பிளாஸ்டிக். உடைந்தால் வேறு கிடைக்காது என்று அவரே சொன்னார். பதினொன்று பத்துக்கு அது லேசாகக் கிறீச்சிட்டது. தண்ணீர் கசிந்தது. தட்டு நிரம்ப நிரம்ப நான் எடுத்துப்போய் ஊற்றினேன். இருபத்தாறு தட்டுகள். எண்ணிக்கொண்டிருந்ததில் பயம் குறைந்தது.

கடைசியில் வடிகட்டி வெளியே வந்தது. ஒரு சட்டைப் பொத்தான், ஒரு கொண்டை ஊசி, கருத்த பஞ்சுப் பிசிறு. மாமா டார்ச்சை என்னிடம் கொடுத்து ஓட்டைக்குள் அடிக்கச் சொன்னார். இரண்டு விரலை விட்டு எதையோ பற்றி இழுத்தார். பழுப்பும் பச்சையுமாக மூன்று நார்கள், பம்ப்பின் இறக்கையைச் சுற்றியிருந்தவை, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றில் நான் பின்னிய மடிப்பு அப்படியே இருந்தது.

நான் குனிந்து அதையே பார்த்ததில் டார்ச் வேறு பக்கம் திரும்பியது.

“நேராப் பிடி பாப்பா,” என்றார் மாமா. நார்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் குருத்தோலை ஞாயிறன்று கோவில் பக்கம் வருகிறவர் அல்ல. “துடைப்பத்து ஈர்க்கு. கிளமெண்டிக்காரங்க இதால பெருக்கி இதுக்குள்ளயே போட்டிருப்பாங்க போல” என்று சொல்லிக் குப்பையில் எறிந்தார்.

அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு டக்கென்று திறந்ததும் விரிப்பை வாரி மார்போடு அணைத்துக் குளியலறைக்கு ஓடினார். பின்னால் சொட்டியபடியே தண்ணீர் போயிற்று. சிறிது நேரம் கழித்து அங்கிருந்தபடியே கேட்டார்.

“இத்தனை நாள் ஓடினது இன்னைக்கு ஏன்டா நின்னுச்சு?”

“குப்பை சேர்ந்துபோச்சு. வேற என்ன?”

“ரெண்டு மாசமாச் சேராத குப்பையா? இந்தத் துணியைப் போட்ட அன்னைக்கா?”

“அக்கா, மெஷினுக்கு ஈஸ்டர் எப்பன்னு தெரியுமா?”

“கையால துவைக்கிறேன்னு வாக்குக் கொடுத்தேன் தம்பி. மீறினேன். அதான் ஆண்டவர் பூட்டிட்டார்.”

மாமா வடிகட்டியைத் திரும்ப மாட்டினார். அம்மாவின் கேள்விக்கான பதில் என்னிடம் இருந்தது. நான் குப்பைக்கூடையிலிருந்து மூன்று நார்களையும் எடுத்து, நடைபாதைக்குப் போய், பாண்டான் தொட்டியில் விரலால் குழி தோண்டிப் புதைத்தேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து ஈர அங்கிகளை மூங்கில் கழியில் கோத்துக் கொடுத்தேன். அம்மா “நல்ல பிள்ளை” என்றார்.

மழை வரவில்லை. அரை ஈரத்திலேயே இஸ்திரி போட்டார்கள். ஐந்து ஐம்பதுக்கு அம்மாவும் நானும் கோவில் பக்கவாசலில் நின்றோம். ஆண்ட்டி விரிப்பை உதறிப் பீடத்தில் போட்டு, உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீவினார். முகர்ந்தும் பார்த்தார். “பார்த்தியா, கையால துவைச்சா அந்த வெள்ளையே தனி” என்றார். நான் மூச்சு விட்டேன். அம்மா தலைகுனிந்து நின்றார். பிடிபடாமல் தப்பித்தும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் ஓலையைப் பற்றிக் குருவானவரிடம் சொல்லிவிட்டேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கூடுதலாக இரண்டு சொன்னேன். அத்தோடு அது தீர்ந்தது என்று முழுமையாக நம்பினேன். வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மெஷின் மேலும் ஆறு வருடம் ஓடியது. மாமா மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவினார். அப்பாகூட அதைப் பற்றிக் குறைசொல்வதை நிறுத்திவிட்டார். எங்கள் துணி எல்லாம் அதில்தான் போனது. பீடத் துணி மட்டும் அதன்பிறகு ஒரு தடவையும் போகவில்லை. இரவு வேலை முடிந்து வந்த காலைகளில், மெஷின் எங்கள் துணியைச் சுற்றிக்கொண்டிருக்க, அம்மா குளியலறையில் குட்டை முக்காலி போட்டு அமர்ந்து விரிப்பைக் கசக்குவார். நடுவில் நிறுத்தி விரல்களை நீட்டி மடக்குவார். மறுபடி கசக்குவார். நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பல் துலக்குவேன். அம்மாவுக்குச் சாமி துணியைக் கையால் துவைப்பதுதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.