இரண்டாவது மாத்திரை அட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தராஜ் வந்தால், அவருக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் உண்டு. சர்க்கரை போடாத காபி. அன்றைக்கும் ப்ரீத்தி அந்த டம்ளரைத்தான் கொண்டுவந்து வைத்தாள். டம்ளருக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டையையும் வைத்தாள்.

“இது என்னம்மா?”

“உங்களுக்குத்தான் அங்கிள். டாக்டர் கொடுத்தாங்க.”

“எனக்கா? என் சுகர் மாத்திரை வீட்டுல இருக்குதே.”

“இது சுகருக்கு இல்ல. அத்தைக்கு வந்திருக்கிற நோய்க்கு. அத்தை மட்டும் சாப்பிட்டா தீராதாம். அத்தையோட பழகுறவரும் சாப்பிடணுமாம்.”

சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. ப்ரீத்தியின் கணவன் கோகுல்நாத் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நெடுநேரமாக அவன் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

கோவிந்தராஜுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. “கோகுல், நீயும் இப்படித்தான் நினைக்கிறியாப்பா?” என்றார். செய்தித்தாள் இறங்கவில்லை. யார் கண்ணிலும் படாதபடி அட்டையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, சமையலறைப் பக்கம் பார்க்காமலே சொன்னார்: “தங்கச்சி, நாளையிலேர்ந்து நீ பஸ்ஸுல வந்துடு.”

தொடப்படாத காபியில் ஆடை படர்ந்தது. உள்ளே மாமியார் வனஜா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண்ணைக் கொல்லக் கத்தி எதற்கு? ஒரு மாத்திரை அட்டை போதாதா?

வடக்கே பிழைக்க வந்த தமிழர்கள் குடியிருக்கும் போபோடி சந்தில் வனஜாவைத் தெரியாதவர்கள் இல்லை. கணவர் ரங்கராஜன் காட்கி ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோனது. கருணை அடிப்படையில் அதே ஃபாக்டரியில் வனஜாவுக்கு வேலை கிடைத்தது. ஒரே பிள்ளையைப் படிக்கவைத்து, பேங்கில் உட்காரவைத்து, கோர்படி ரயில்வே காலனியிலிருந்து மருமகளும் எடுத்தாள். ரங்கராஜனோடு ஃபாக்டரியின் ஒரே பட்டறையில் வேலை செய்த கோவிந்தராஜ், தாபோடியிலிருந்து வரும் வழியில் வனஜாவையும் தன் பஜாஜ் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவார். ஒன்பது வருடப் பழக்கம். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஆனால் சந்தேகம் என்பது புடவையில் பிடித்த கறை மாதிரி. ஒரு முறை கண்ணில் பட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். அத்தை குளியலறையில் ஏன் அத்தனை நேரம் இருக்கிறாள்? உள்பாவாடையை ஏன் யாரும் பார்க்காமல் துவைத்துக் கதவுக்குப் பின்னால் காயப்போடுகிறாள்? விதவைக்கு எதற்கு அத்தனை பவுடர், மேலே அத்தனை சென்ட்? ப்ரீத்தி எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கிவைத்தாள்.

வனஜா எதை மறைத்தாள் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அடிவயிற்றில் வலி. துர்நாற்றத்தோடு வெள்ளைப்போக்கு. சாயங்காலமானால் காய்ச்சல். அதை மறைக்கத்தான் பவுடரும் சென்டும். அந்த ஞாயிறுக்குச் சில நாள் முன்னால் ஃபாக்டரி கேட்டிலேயே சுருண்டு விழுந்தபோது, ப்ரீத்தி அவளைக் காட்கி பஜாரில் இருந்த ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“மேஜையில் படுங்க, உள்ளே பார்க்கணும்” என்று டாக்டர் இந்தியில் சொன்னார்.

“வேண்டாம். நான் புருஷன் இல்லாதவ. எனக்கு அங்கே பார்க்க என்ன இருக்கு?”

“கருத்தடைக்குக் காப்பர்-டி எதுவும் வெச்சிருக்கீங்களா?”

வனஜா இல்லையென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் வினையாயிற்று. டாக்டர் புடவைக்கு மேலேயே வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு ப்ரீத்தியைத் தனியாக அழைத்து, ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பேசினார். கர்ப்பப்பையிலும் குழாய்களிலும் கிருமி பரவியிருக்கிறது. பெரும்பாலும் ஆண் உறவால் வருவது. யாராவது இருந்தால் அவருக்கும் மருந்து போகவேண்டும். இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். ப்ரீத்தி கையில் இரண்டு அட்டைகளோடு வீடு திரும்பினாள்.

மாத்திரை தின்றும் காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறியது. வனஜாவுக்குக் காரணம் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் பழி தீரும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், கூடத்துச் சுவரில் மாலை போட்ட ரங்கராஜனின் முகம் அவளைப் பார்த்தது. சொன்னால் கோவிந்தராஜ் பிழைப்பார். அந்தப் படத்துக்கு முன்னால் இவள் குற்றவாளியாக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் மகன் தன் தாயைத் தாயாகவே நினைக்கமாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெருப்பு.

அந்த வாரம் ஒரு மாலை, கோகுல் பேங்கிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும் நேரத்தில், கோவிந்தராஜின் மனைவி பாமா வந்தாள். செருப்பை வாசலில் விடக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. நேரே வனஜாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

“வனஜா, நான் சண்டை போட வரல. அந்த மனுஷன் சோறு திங்கறதில்ல. கேட்டா சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறாரு. நேத்து அவர் சட்டைப்பையில இந்த மாத்திரை அட்டை இருந்துச்சு. உன் நோய்க்குன்னு உன் மருமக கொடுத்தாளாம், அத மட்டும்தான் சொன்னாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் புருஷன் இத சாப்பிடணுமா, வேண்டாமா?”

வனஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பதில் சொல்லுடி! உன் கையால எத்தன நாள் சாப்பிட்டிருக்கேன்!”

“வேண்டாம் அண்ணி. அண்ணனுக்கு அது வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அரே, அவங்க எப்படி ஒத்துப்பாங்க?” என்று வாசற்படியிலிருந்து ப்ரீத்தி முனகினாள்.

வனஜா எழுந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் கண்கள் தீயாக இருந்தன. “ஏன்னா நோய் ஆம்பளைகிட்டேர்ந்து வரல. எனக்குள்ள ஒரு சாமான் இருக்கு. கோகுல் கைக்குழந்தையா இருந்தப்போ வெச்சது. இன்னும் எடுக்கல.”

கோகுலின் கையிலிருந்து ஷூ நழுவியது.

“கோகுல், உன்னப் பெத்தப்போ என் ரத்தமெல்லாம் போச்சு. அடுத்தது வந்தா உயிர் தங்காதுன்னு சொன்னாங்க. உன் அப்பா நம்பல. முருகன் பாத்துப்பான்னாரு. மிலிட்டரி கேம்ப் பக்கம் ஒரு டாக்டரம்மா வெளிநாட்டுச் சாமான் வந்திருக்குன்னாங்க. அவருக்குத் தெரியாம போய் வெச்சுக்கிட்டேன். அப்புறம் அந்த கிளினிக்கையே மூடிட்டாங்க.”

“அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா?” கோகுலின் குரல் உடைந்திருந்தது.

“தெரியாது.”

ரங்கராஜனுக்கு ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று ஆசை. சஷ்டி தவறாமல் விரதமிருந்தார். பர்வதி மலையேறிக் கார்த்திகேயர் கோயிலில் வேண்டிக்கொள்வார். அந்தச் சாமியைப் பெண்கள் பார்ப்பதில்லை என்பது இந்த ஊர் வழக்கம். அதனால் வனஜா கோகுலின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே படியில் நிற்பாள். உள்ளே கணவர் மகளைக் கேட்டுக் கண்ணீர் விடுவார். வெளியே இவள் வயிற்றுக்குள் ரகசியத்தோடு நிற்பாள். திருநீறு கொண்டுவந்து, “இந்தத் தடவை கண்டிப்பா கொடுப்பான்” என்று அவர் இவள் நெற்றியில் இடுவார். அந்த நெற்றி எப்படித்தான் வெடிக்காமல் இருந்ததோ!

“அவர் போனப்புறமாவது எடுத்திருக்கலாமே?” என்றாள் பாமா.

“எப்படி அண்ணி? தாலிய எடுத்தவ பொம்பள டாக்டர் வாசல்ல நின்னா இந்தச் சந்து என்ன பேசும்? இனிமே எதுக்குன்னு விட்டுட்டேன். கடைசியில பேசத்தான் பேசிட்டாங்க.”

பாமா மாத்திரை அட்டையைக் கட்டில்மேல் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆட்டோ கூப்பிடுடா, மண்ணு மாதிரி நிக்கிறியே!” என்று கோகுலை அதட்டினாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் சொட்டுமருந்து ஏற்றிக் காய்ச்சலை அடக்கினார்கள். பிறகு மயக்கமருந்து கொடுத்து எடுத்தார்கள். காட்கி பஜாரில் பார்த்த அதே டாக்டர் எஃகுத் தட்டில் அதைக் காட்டினார். நண்டு போல ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு. இரண்டு பக்கமும் முள்முள்ளாகக் கால்கள். கீழே கறுத்துப்போன ஒரு வால்.

“இந்த வாலைப் பாருங்க” என்று டாக்டர் இடுக்கியால் அதைப் பிரித்தார். “வெளியே ஒரே நூல் மாதிரித் தெரியும். உறைக்குள்ளே மெல்லிய இழைகள், நூற்றுக்கணக்கில். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, கீழே இருக்கிற ஈரத்தையும் கிருமியையும் இது கர்ப்பப்பைக்குள் இழுத்துவிடும். வெளிநாட்டில் இதால் நிறையப் பேர் பாதிக்கப்பட்டு, விற்பனையையே நிறுத்திட்டாங்க. இப்ப வைக்கிற காப்பர்-டி வால் ஒற்றை இழைதான். வெச்ச புதுசுல சில வாரம் கவனமா இருந்தா போதும். அப்புறம் பயம் குறைவு. ஆனா எதையும் இப்படி ஆயுசு முழுக்க மறந்து விட்டுடக்கூடாது.”

“அப்போ அந்த இரண்டாவது அட்டை?” என்று ப்ரீத்தி தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“தேவைப்படாது. அன்னிக்குப் பரிசோதிக்காமலே ஆண் உறவுன்னு சொன்னது என் தப்பு.”

ப்ரீத்தி அத்தையின் காலருகே உட்கார்ந்து விசும்பினாள். வனஜா அவளைத் தேற்றவும் இல்லை, தள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் கோகுல் தாயோடு பேசவில்லை. படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். ஒருநாள், அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, அடுத்த அறையில் மனைவியிடம் கேட்டான்: “கல்யாணமாகி ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சு. நமக்கு இன்னும் ஒண்ணும் இல்ல. உண்மைய சொல்லு. நீயும் எனக்குத் தெரியாம ஏதாவது வெச்சிருக்கியா?”

“சீ! என்ன பேச்சு இது? சாமி சத்தியமா இல்ல!”

“அப்படித்தான் அப்பாவும் நம்பினாரு.”

சந்தேகத்துக்கு முன்னால் சத்தியம் எடுபடாது என்பது வனஜாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், கதவைத் திறந்தாள்.

“கோகுல், நான் ஏமாத்தினது உன் அப்பாவ. அந்தக் கோபத்த என்மேலயே வெச்சுக்க. அவ மேல சந்தேகத்த இறக்காத. சந்தேகமா இருந்தா ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போங்க. நான் தனியா போனேன். அதுதான் தப்பா போச்சு.”

கோகுலின் தலை குனிந்தது.

அதற்கு அடுத்து வந்த ஞாயிறு கீழே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. கோவிந்தராஜ் மேலே வரவில்லை. “தங்கச்சி எப்ப டியூட்டிக்கு வருதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு” என்று தெருவிலிருந்தே குரல் கொடுத்தார். ப்ரீத்தி எவர்சில்வர் டம்ளரோடு படியிறங்கி ஓடினாள்.

“சர்க்கரை இல்ல அங்கிள்” என்று நீட்டினாள்.

அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே டம்ளரை வாங்கினார். குடிப்பதற்கு முன்னால், தன்னை அறியாமல், டம்ளரைச் சற்றுத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். அங்கே அட்டை எதுவும் இல்லை. பிறகுதான் குடித்தார்.

மாடி ஜன்னலிலிருந்து வனஜா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.