நாடி எண்ணிப் போடும் மாத்திரை

மருந்துக்கடைக்காரனுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது ஒரு வேலையே இல்லை. அது வீட்டுக்குப் போய் என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று கவலைப்படுவதுதான் வேலை. கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருந்த எனக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையைப் போல வேறெதுவும் பீதி கொடுத்ததில்லை. என்னைப் போல கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று தலைமுடி கொட்டியவர்களுக்கு இது புரியும்.

ஒரு நிமிஷம் முழுசா

நைனார்பாளையத்து விவசாயி கலியபெருமாளுக்கு நெஞ்சு தறிகெட்டு ஓடும். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டிப் பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். கூடவே மூன்று கட்டளை. காலையில் ஒரு நிமிஷம் முழுசா நாடியை எண்ணிவிட்டுத்தான் போட வேண்டும். ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் போடாமல் உடனே வரவேண்டும். நன்றாக இருக்கிறதென்று தானாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு முன்னைவிட வேகமாக ஓட ஆரம்பித்துவிடும்.

மணிக்கட்டில் எங்கே விரல் வைப்பது என்று நான்தான் காட்டிக்கொடுத்தேன். அவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. வீட்டில் பேட்டரி போட்ட சுவர்க்கடிகாரம் இருக்கிறது, விநாடி முள்ளும் இருக்கிறது என்றார். என் கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை எண்ணிப் பழகினார். விரலை எடுக்க மனமில்லாமல் சொன்னார்:

"உள்ள யாரோ ஒக்காந்துக்கினு கதவ தட்றமாரி இருக்குதுங்க."

பகலில் வந்த குளிர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்ட வாரம் அது. பஸ் இல்லை, லாரி இல்லை. கடைவீதியில் என் மேஜை விசிறியின் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. கலியபெருமாளுக்கு இன்னும் மூன்று நாள் மாத்திரைதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நடுப்பகலில் கல்வராயன் மலையிலிருந்து நடந்தே வந்தாள் சின்னப்பொண்ணு. அவளுக்கும் இதே வகை மாத்திரைதான். என் கையைத் தொட்டாள். அந்த வெயிலில் அப்படி ஒரு சில்லென்ற கை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாடி அறுபத்தாறு, சரியாகத்தான் இருந்தது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து, செத்துப்போன புருஷன் தினமும் கனவில் வந்து வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறானாம். சிலருக்குக் கை குளிரும், கனவும் கண்ணெதிரே நடப்பது போல வரும், டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார் என்றேன்.

"வேணாம்ங்க, மாத்திப்புடாதீங்க. பன்னெண்டு வருசத்துல இப்பதான் அந்த மனுசன் வூடு திரும்புறாரு."

பாய் விழுந்தது

பக்கத்து ஜவுளிக்கடை பாயும் இந்த மாத்திரைக்காரர்தான். சின்னப்பொண்ணு வந்துபோன மூன்றாம் நாள், முந்தின நாள் போட மறந்ததையும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொண்டார். தொழுதுவிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்தார். விட்டதை விட்டுவிட்டு அடுத்த வேளைக்கு ஒன்றுதான் போட வேண்டும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது. டாக்டரிடம் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகும்போது திட்டிக்கொண்டே போனேன். அவர் காதில் அது ஏறவேயில்லை. தான் விழுந்த இடத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நான் வுழுந்தத நானே பக்கத்துல நின்னு பாத்தேன்யா."

மரங்களுக்கு நடுவில்

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு கலியபெருமாள் ஞாபகம்தான் வந்தது. மறுநாள் காலை அவருக்கு மாத்திரை இருக்காது. திடீரென்று நின்றுபோனால் அவர் நெஞ்சு தாங்காது. விடிந்ததும் ஒரு அட்டை மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.

சாலை முழுக்கப் புளியமரங்கள் படுத்துக் கிடந்தன. கூடு போன காக்கைகள் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடக் கத்தவில்லை. ஒவ்வொரு மரத்திலும் சைக்கிளைத் தூக்கித் தாண்டினேன். ஊருக்குப் பக்கத்தில் மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், மருந்துப் பையைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அவருக்கா? நாலு நாளா தூங்கிக்கினே இருக்காருங்களே."

சுவரில் ஓடியது

கலியபெருமாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது, ஆனால் சிரித்தார். சுவரில் கரியால் தினக்கணக்கு எழுதியிருந்தார்: அறுபத்தி நாலு, அறுபத்தி மூணு, அறுபத்தி நாலு. "இன்னிக்கும் அறுபத்தி நாலுங்க" என்று ஒரு கையில் தண்ணீர்ச் சொம்போடு மறு கையை நீட்டினார். மாத்திரையைப் பிரித்து அந்த உள்ளங்கையில் வைத்தும் விட்டேன். அப்போது விரல் பட்டது. கை ஐஸ்.

மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. சுவரில் ஒரு டிக். மறுபடி ஒரு துடிப்பு, மறுபடி ஒரு டிக். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன. கடிகாரம் அவரை நடத்துகிறதா, அவர் கடிகாரத்தை நடத்துகிறாரா என்று ஒரு கணம் எனக்குக் குழம்பிப்போய்விட்டது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்திரண்டு! நிமிர்ந்து பார்த்தால், பதினோரு மணி வெயிலில் சுவர்க்கடிகாரம் நாலே கால் காட்டியது. மாத்திரையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். கடிகாரத்துக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். போராட்டச் செய்தி கேட்பதற்காக அவர் மகன் கடிகாரத்து நல்ல பேட்டரியை ரேடியோவில் போட்டுவிட்டு, ரேடியோவில் தீர்ந்ததைக் கடிகாரத்தில் போட்டிருந்தான். முள் தள்ளாடி ஒரு நிமிஷத்தை ஒன்றரை நிமிஷமாக இழுத்ததில்தான் நாற்பத்திரண்டு அறுபத்தி நாலாகத் தெரிந்திருக்கிறது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"மணி தப்புன்னு தெரியுங்க. பஸ்ஸே வராதப்ப மணி எதுக்குன்னு வுட்டுட்டோம். முள்ளு சுத்திக்கினுதானங்க இருந்துது?"

திரும்பி வந்தவர்

மறியலில் இருந்தவர்களே கட்டிலோடு தூக்கி, மரத்துக்கு மரம் தோள் மாற்றி, பொழுது சாய்வதற்குள் டாக்டரிடம் சேர்த்தார்கள். நாலு நாள் படுக்கையில் வைத்திருந்து அளவைக் குறைத்துக் கொடுத்தார் டாக்டர். பஸ் ஓட ஆரம்பித்த பிறகு கலியபெருமாள் கடைக்கு வந்தார். முதல் வேலையாக என் கைக்கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார்.

"நின்னுபோன கடியாரம்னா நானே உஷாராயிருப்பேங்க. ஓடிக்கினு இருக்கறத யாரு சந்தேகப்படுவா?"

அன்றிலிருந்து இந்த மாத்திரைக்குச் சீட்டு நீட்டுகிறவரிடம் வீட்டுக் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றி எத்தனை நாளாயிற்று என்று முதலில் கேட்கிறேன். எனக்குக் கழன்றுவிட்டது என்று சிரிப்பவர்கள்கூட, கடைப்படி இறங்கும்போது மணிக்கட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள்.