டேர்பன் அன்ரியின் முதல் வாக்கு

தென்னாபிரிக்காவில் எல்லா இனத்தவரும் சேர்ந்து பாராளுமன்றத்தைத் தெரிவுசெய்த முதல் தேர்தல், 1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைபெற்றது. அது செவ்வனே நிறைவேறியதில் எனக்கும் ஒரு சிறு பங்குண்டு என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன். அப்போது எனக்கு வயது ஒன்பது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறியிருந்த குளிர்நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் மாடியின் அடுத்த கதவு டேர்பன் அன்ரியுடையது. பாட்டனார் காலத்தில் தென்னாபிரிக்காவின் டேர்பன் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம் அவருடையது. தைப்பூசமும் காவடியும் அவரிடம் எஞ்சியிருந்தன; தமிழ் எஞ்சவில்லை. அம்மாவிடம் ஆங்கிலம் இல்லை. ஆகவே இருவருக்குமிடையே மொழிபெயர்ப்பாளர் பதவியை நான் வகித்தேன்.

வெளிநாட்டில் வாழும் தென்னாபிரிக்கர் வாக்களிக்க ஒரேயொரு செவ்வாய்க்கிழமையைத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அறுபத்திரண்டு வயதில் அன்ரிக்கு அதுவே முதல் வாக்கு. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலையை முடித்துக்கொண்டு, மூன்றரை மணியளவில் ஒரு பட்டுச் சேலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதைக் கட்ட அவருக்குத் தெரியாது. வரிசை நீளமென்றும், ஐந்து மணிக்குப் பின் வருபவரை உள்ளே விடுவது ஐயமென்றும் வேலைத்தலத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அம்மா கொசுவத்தைச் செருகிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிள்ளை, இப்ப ராகு காலம். நாலரைக்குப் பிறகு வெளிக்கிடச் சொல்லு. முதன்முதல் செய்யிற காரியம்."

அப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "உம்மட பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து நேரத்துக்கு அடிச்சது. அங்கை இப்ப நடுச்சாமம். ராகு நல்ல நித்திரை" என்றார்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

அன்ரி என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவருடைய தாயாரும் ராகு காலம் பார்த்தவர். சொன்னால் அன்ரி நாலரை வரை இருந்துவிடுவார். தவிரவும், தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் என்னையும் கூட்டிப் போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது, உடனே புறப்படட்டாம் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அன்ரி அம்மாவின் கைகளைப் பற்றி நன்றி சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ஆபிரிக்காவிலை செவ்வாய்க்கிழமை ராகு காலம் காலமையாம், அம்மா. அது எப்பவோ முடிஞ்சுதாம்."

ராகுவுக்குக் கண்டத்துக்குக் கண்டம் வேலைநேரம் மாறக்கூடும் என்பதை அம்மா சிறிது யோசித்து ஏற்றுக்கொண்டார். "அவையின்ர எலெக்சனுக்கு அவையின்ர நேரந்தான் சரி" என்று தீர்ப்பளித்து, அன்ரியின் நெற்றியில் திருநீறு பூசினார். அப்பாவின் பத்திரிகை லேசாகக் குலுங்கியது.

வாக்குச் சாவடியில் வரிசை தெருமுனை வரை நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு சிலரே வந்து சேர்ந்தார்கள். பிறகு வாசற்கதவு சாத்தப்பட்டது. உள்ளே போன அன்ரி வெகுநேரம் கழித்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவரைப் போலத் திரும்பி வந்தார். நான் அவர் விரலில் மையைத் தேடினேன். காணவில்லை. பிரத்தியேக விளக்கின் கீழ் மட்டுமே தெரியும் மை அது என்றார். அம்மா நம்பமாட்டாரே என்று எனக்குக் கவலை பிடித்தது.

வீட்டில் அம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். மையின் தன்மையை மொழிபெயர்த்தேன். இம்முறை உள்ளது உள்ளபடியே.

"அப்ப ரோட்டிலை போறவைக்கு ஒண்டும் தெரியாதோ?"

"தெரியாது."

"நல்ல மை" என்றார் அம்மா. "ஊரிலை நான் கடைசியா வோட்டுப் போடேக்கை, ஒருத்தரும் போடக்கூடாதெண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தவங்கள். போட்டிட்டு, விரலைச் சேலைத் தலைப்புக்குள்ளை சுத்திக்கொண்டு ஒழுங்கைக்குள்ளாலை ஓடிவந்தனான். மூண்டு நாள் வாசல் படலையடிக்கும் போகேல்லை."

அன்ரி என்னைப் பார்த்தார். அதை மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லையென்று நான் தீர்மானித்தேன். மை ஊறி அம்மாவின் சேலை பழுதாகியிருக்கும் என்பதும், வேறு நல்ல சேலை இல்லாமல்தான் மூன்று நாள் வீட்டுக்குள் இருந்தார் என்பதும் எனக்குத் தெளிவாக விளங்கியிருந்தன.